‘யாருமில்லை’ என்று எழுதிக் கொடுப்பது

கனடாவில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வான். சாப்பிட்டாயா, சுகர் எவ்வளவு, மாடிக்குக் குடி வந்தவர்கள் எப்படி என்று வரிசையாக விசாரித்துவிட்டு, பெரியம்மாவிடம் கொடு என்பான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைக் கைமாற்றுவதற்கு முன் ஒரு வம்பை இழுத்துப் போட்டான். அவன் இருக்கும் நாட்டில் வயதானவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் பணத்தை, அவர்கள் வருமானம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அரசாங்கமே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளுமாம். வசதி இருப்பவருக்கு எதற்கு முழுப் பணம் என்பது அவர்கள் நியாயம். இதைச் சொல்லிவிட்டு, “உனக்கு எதுக்கும்மா ரெண்டு பென்ஷன்?” என்றான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

எனக்கு இரண்டு பென்ஷன் வருவது உண்மை. ஒன்று, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்த என் முப்பத்து மூன்று வருட சர்வீஸுக்கு. இன்னொன்று, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆறு வருடத்துக்கு முன் மார்வலி என்று படுத்து அன்றைக்கே போய்விட்ட என் கணவரின் குடும்ப ஓய்வூதியம். காலடிப்பேட்டையில் நாங்கள் கட்டிய வீட்டில் கீழே நான் இருக்கிறேன், மேலே இரண்டு மாடியும் வாடகை. விம்கோ நகரில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட், அதுவும் வாடகை. மகன் அனுப்பும் பணத்தை நான் தொடுவதே இல்லை. சுருக்கமாகச் சொன்னால் நான் பணக்காரி. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாடி வைத்திருப்பவர்கூட “ஏதோ கஞ்சி குடிக்கிறோம்” என்பார். எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது.

பணக்காரி என்பதற்காக என் பென்ஷனில் ஒருவர் கை வைப்பதா? மகனுக்கு அன்றைக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பென்ஷன் தானம் இல்லை. வேலை பார்த்த காலத்திலேயே கொடுத்திருக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் பிடித்து வைத்திருந்து பிறகு கொடுக்கிறது, அவ்வளவுதான் என்றேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் அதே சம்பளத்தை வாங்கி அத்தனையையும் சீட்டாட்டத்தில் விட்டார். நான் சாயம் போன புடவையைக் கட்டிக்கொண்டு, மதியத்துக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டு போய், வீடு கட்டினேன். இப்போது ஏழை என்று அவருக்கு முழுப் பென்ஷனும் பணக்காரி என்று எனக்குப் பாதியும் கொடுத்தால், நான் வீடு கட்டியது குற்றம் என்றுதானே அர்த்தம்? மகன், “சரிம்மா, நீ ஜெயிச்சிட்ட, பெரிம்மாகிட்ட குடு” என்றான். ஜெயித்த சந்தோஷம் எனக்கு அன்று முழுவதும் இருந்தது.

அவன் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள் என் கூடப் பிறந்தவள் அல்ல. அவன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது என் பிரசவ விடுப்பு தீர்ந்துபோனது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வேலையை விட்டுவிடு என்றார் கணவர். நானும் மனதளவில் விட்டுவிட்டேன். அந்த வாரம் மீன் கொண்டுவந்த அம்மாள்தான், வியாசர்பாடியில் ஒருத்தி இருக்கிறாள், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கிய புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை, வரச் சொல்லவா என்று கேட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அழவில்லை. நான் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. பின்பக்கத்து அறையில் தங்கினாள், அங்கேயேதான் இன்றும் இருக்கிறாள். மகனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்து வா என்றால் அவன் அழைத்துப் போனது அவளைத்தான். நான் அப்போது பொன்னேரிப் பக்கம் ஏதாவது ஒரு நிலத் தகராறில் நின்றுகொண்டிருப்பேன். பேசத் தொடங்கிய நாளிலேயே அவன் அவளைப் பெரிம்மா என்றான், அதனால் எனக்கு அக்கா ஆனாள். பெரியம்மாவுக்குத் தங்கை பிள்ளையும் பிள்ளைதான். அது எங்கள் ஊர்க் கணக்கு.

அவள் பேச்சில் எல்லாமே ‘நம்ம’. நம்ம வூடு, நம்ம புள்ள, நம்ம மாடியில குடிகீறவங்கோ. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இங்கே ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவரும் நம்ம வூடு என்பார், தினக்கூலிக்குப் போகிறவரும் நம்ம கம்பெனி என்பார். பட்டா எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடத்தில் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. முதியோர் உதவித்தொகைக்கு அவள் பெயரில் நானே மனு எழுதினேன். ஓ.ஏ.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆதரவற்ற முதியவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் சின்னத் தொகை. என் கடைசி ஐந்து வருடங்கள் அந்தப் பிரிவில்தான் போயின. தகுதியில்லாத ஆள் ஒருவர்கூட என் கையெழுத்தில் உள்ளே நுழைந்ததில்லை என்று இன்றும் மார்தட்டுவேன். அக்காவுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, சொத்து இல்லை. அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று எனக்கு ரொம்பப் பெருமை.

மாதத்தில் ஒரு நாள் வங்கியின் ஆள் கையடக்க மெஷினோடு தெரு முனையில் வந்து உட்காருவார். அக்கா கட்டைவிரலை வைப்பாள். பணத்தை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகுவாள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ ஷேர் ஆட்டோ பிடித்து வியாசர்பாடிக்குப் போவாள். அங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவள் தம்பி குடும்பம். ஆப்பிள், பிஸ்கட், தம்பி பொண்டாட்டிக்கு முழங்கால் தைலம். பௌர்ணமி என்றால் அவர்களோடு புத்த விகாரைக்குப் போய் உண்டியலில் போடுவாள். அங்கே அவள் அத்தை. வாசலில் அவள் தலை தெரிந்ததும் பிள்ளைகள் ஓடி வருமாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மகனோடு அந்தச் சண்டை நடந்து ஒரு மாதம் இருக்கும். ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு என்று வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தபோது, கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். நம்மில் வீடு வாசலோடு இருப்பவர்கள் ஒரு பங்கை விட்டுக் கொடுத்தால் என்ன, ஒன்றுமில்லாத கிழவர்களுக்கு அது போகுமே என்றார். மண்டபம் சலசலத்தது. நான் மைக்கை வாங்கினேன். மகனிடம் பேசியதையே பேசினேன், இன்னும் காரமாக. விட்டுக் கொடுப்பது அவரவர் விருப்பம், பிடித்தம் செய்வது அநியாயம். உழைத்து வாங்குவதற்கும் இரந்து வாங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதா என்றேன். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள்.

நான் அங்கே மைக்கைப் பிடித்திருந்த நேரத்தில் காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றிருக்கிறாள். வருவாய்த் துறையிலிருந்து, உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வந்தவள். அக்கா அவளைப் பின்பக்கம் கூட்டிப் போகவில்லை. ஹாலில் சோபாவில் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, காபி கலந்து கொடுத்திருக்கிறாள். வெயிலில் வந்த பெண்ணைப் பின்னால் ஒரு அறைக்குள் அழைத்துப் போவது மரியாதையா என்பது அவள் நினைப்பு.

நான் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். “கெவர்மெண்ட்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. யார் வூடுன்னு கேட்டுச்சு. நம்ம வூடுதான், குந்தும்மான்னேன். புள்ளைங்கோ எத்தினின்னு கேட்டுச்சு. ஒரே புள்ள, கனடாவுல கீறான்னேன்.” சுவரில் இருந்த பட்டமளிப்புப் போட்டோவைக் காட்டி, வாரம் தவறாமல் போன் செய்வான் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் டேப்லெட்டில் தட்டிக்கொண்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

முப்பத்து மூன்று வருடம் அந்தத் துறையில் குப்பை கொட்டியவளுக்கு அந்த நிமிடமே பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்குக் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் மைக்கில் என்னவெல்லாம் பேசினேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் மோவாயில் கை வைத்துக் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மெஷின் அவள் விரலுக்குப் பணம் தரவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத் தோலால் விரலைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி போனாள். அன்றைக்கே நான்கு முறை போனாள். கடைசியில் நான் இ-சேவை மையத்தில் பார்க்கச் சொன்னேன். நிறுத்தப்பட்டிருந்தது. காரணம், சொந்த வீட்டில் வசிக்கிறார், மகன் வெளிநாட்டில் பணிபுரிகிறார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. “அப்போ நா பொய் சொன்னன்னு எழுதிக்கினாங்களா?” என்று கேட்டாள். பொய் இல்லை, அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றேன். எது தப்பு என்றாள்.

இந்தத் தொல்லையே வேண்டாம், அதைப்போல் இரண்டு பங்கு நானே மாதாமாதம் தருகிறேன் என்றேன். பெரிய மனதோடுதான் சொன்னேன். அவள் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“நீ குட்தா அது உன் துட்டும்மா. அத்த எட்துகினு வியாசர்பாடிக்கு போனா, அம்மா குட்துச்சுன்னுதான் சொல்லணும். கெவர்மெண்ட் குட்தது எம் பேர்ல வந்த துட்டு.”

அந்த மாதம் அவள் வியாசர்பாடிக்குப் போகவில்லை. அடுத்த மாதம் தம்பி பேத்திக்குக் காது குத்து. அத்தை வரவில்லையா என்று போன் மேல் போன் வந்தது. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். அன்று காலையில்தான் தண்ணீர் வருகிறதா பார்க்க மொட்டைமாடித் தொட்டி வரை ஏறி இறங்கியிருந்தாள். வெறுங்கையோடு போக மனதில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் பின்பக்க அறையில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளைப் பகலில் படுத்து நான் பார்த்ததே கிடையாது. வா, நான் போய் உலுக்கி எடுத்துவிடுகிறேன் என்று மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன்.

பணம் திரும்ப வந்துவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அது எப்படி வந்தது என்பதை.

உலுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த அதே இளம்பெண்தான் மேஜையில் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டாள். கொடுத்த பதிலைத்தான் எழுதினேன் மேடம் என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். சரி செய்வதும் சுலபம்தான். அக்கா ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வீட்டு உரிமையாளர் என்று நான் அதை உறுதி செய்ய வேண்டும். கொண்டா பேப்பர் என்று நானே வாங்கி எழுதினேன். ஆயிரம் முறை எழுத வைத்த வாசகம், கை தானாக ஓடியது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. என்னை ஆதரிக்க யாரும் இல்லை. ஒப்பமிடும் முன் படித்துக் காட்டி ஆமாம் என்று சொல்ல வைப்பது விதி. முதல் மனுவில் நான் காட்டிய இடத்தில் அவள் விரல் வைத்ததோடு சரி, யாரும் படித்துக் காட்டவில்லை. இப்போது அந்தப் பெண் படித்துக் காட்டினாள். மையில் வைக்கப்போன விரலை அக்கா இழுத்துக்கொண்டாள்.

“அப்டி சொல்ல மாட்டேன்,” என்றாள். “புள்ள நல்லா கீறசொல்ல, புள்ள இல்லேன்னு வாயால சொல்லுவாங்களா? அவனுக்கு ஆவாது.”

இது வெறும் பேப்பர் என்றேன். சும்மா ஆமாம் என்று சொல் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றேன். அவள் எழுந்து வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு நானும் போனேன். போகும்போது எனக்கு எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெரியவரின் நினைவு வந்தது. நான் அந்த மேஜையில் இருந்தபோது வந்தவர். மகன் எங்கேயோ போய்விட்டான், பல வருடமாகத் தகவல் இல்லை என்றார். அப்படியானால் மகன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எதையோ மறைக்கிறார், மகன் பணம் அனுப்புகிறான் போல என்று நினைத்தேன். ‘மகன் உள்ளார், நிராகரிக்கலாம்’ என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவர் எதை மறைத்தார் என்பது எனக்கு அந்த வராந்தாவில்தான் புரிந்தது. அவர் முகத்தை இப்போது என்னால் மறக்க முடியவில்லை.

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவளாகவே கேட்டாள்.

“உன்னியும் பென்ஷனுக்கு வருஷத்துக்கு ஒருவாட்டி கூப்ட்டு கேப்பாங்கோ இல்ல? உன்ன இன்னா கேப்பாங்கோ?”

“உயிரோட இருக்கேனான்னு கேப்பாங்க.”

“வூடு கீதா, புள்ள இன்னா பண்றான்னு?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“அவ்ளோதானா? நல்லதாப் போச்சு,” என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அந்த வித்தையே தெரியாது. எனக்கு ஒரு தொல்லை இல்லாமல் போனதே என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பணத்துக்குப் பெயர் ஓய்வூதியம், அதில் ஊதியம் இருக்கிறது. அவள் பணத்துக்குப் பெயர் உதவித்தொகை. உழைத்து வாங்குவதற்கும் இரந்து வாங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதா என்று மைக்கில் கேட்டவள் நான். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான் ஒரு நாள் லீவ் போட்டதில்லை, அதற்காகப் பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறேன். காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் வைத்திருந்தது யார்? அவள் தோளில் பிள்ளை இருந்ததால்தான் நான் பஸ் ஏறினேன். என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளும் உழைத்த நாள். அவள் பெயர் மட்டும் அதில் இல்லை.

அதனால் என் கருத்து இப்போது இது. சங்கத்திலும் சொல்லிவிட்டேன், இந்த முறை யாரும் கை தட்டவில்லை. என்னையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வீடு எத்தனை, வாடகை எவ்வளவு, மகன் எங்கே. கேட்டுப் பார்த்து, இந்த அம்மாளுக்கு இவ்வளவு தேவையில்லை என்று ஒரு பங்கைக் குறைத்தால் குறையுங்கள். நான் கத்துவேன், ஆனால் ஒரு வேளைச் சோறுகூட எனக்குக் குறையாது. சீட்டாடித் தோற்றவருக்கு என்னைவிட அதிகம் போகுமே என்றால், போகட்டும், அவருக்குப் பசிக்கும் இல்லையா. அப்படியெல்லாம் என்னைக் கேட்பது மரியாதை இல்லை, இத்தனை வருடம் உழைத்தவளை இப்படி நிற்க வைக்கலாமா என்று தோன்றினால், அவளையும் கேட்காதீர்கள். எனக்கு ஒரு கேள்வி, அவளுக்கு ஒரு கேள்வி என்பதை மட்டும் இனி என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்றால் இல்லை. அன்றைக்கு எனக்குக் காரியம் முடிய வேண்டும். உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண். வாசகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் மேடம் என்று சொல்லி, அக்காவைக் கூப்பிட்டு, நீங்கள் பெற்ற பிள்ளை யாராவது உண்டா என்று மட்டும் கேட்டாள்.

“பெத்தது இல்லம்மா. வளத்தது,” என்றாள் அக்கா. அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பெற்ற பிள்ளைகள் இல்லை என்று எழுதிக்கொண்டு, அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம் என்றாள். அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். சட்டம் எனக்குத் தெரியும். அக்கா என்று சொன்னால், சொந்த வீடு வைத்திருக்கும் தங்கை ஆதரிக்கிறாள் என்று மனு அங்கேயே முடிந்துவிடும். நான் மென்று முழுங்குவதைப் பார்த்து அக்காவே பதில் சொன்னாள்.

“நா இவங்க வூட்ல வேல செய்றவம்மா.”

நம்ம வூடு இல்லை, இவங்க வூடு. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மகனை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று எழுந்து போனவள், என்னை ஒரு நொடியில் விட்டுக் கொடுத்தாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள், நான் திணறுவதைப் பொறுக்காமல்தான் சொன்னாள் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வலித்தது.

வேலை செய்பவர் என்றால் படிவத்தில் அடுத்த கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது. அக்கா என்னைப் பார்த்தாள். மகன் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை அவளுக்குச் சம்பளம் கொடுத்தேன். அதன் பிறகு, வீட்டு மனுஷிக்குப் போய் மாதச் சம்பளம் கொடுப்பதா, அசிங்கம் என்று நிறுத்திவிட்டேன். சாப்பாடு, புடவை, வைத்தியம் எல்லாம் என் பொறுப்பு. அவளும் கேட்டதில்லை. நம்ம வூட்டில் யார் யாரிடம் கேட்பது? அறுபத்திரண்டு வயதில் ஓ.ஏ.பி. வாங்கிக் கொடுத்து அவளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நான் மார்தட்டியது எதற்கு என்று அந்த மேஜை முன்னால்தான் எனக்கு உறைத்தது. நான் கொடுக்காமல் விட்டதை அரசாங்கத்தின் தலையில் கட்டியிருந்தேன்.

“சம்பளம் கொடுக்கிறதில்ல,” என்றேன். அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். அதற்கு அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. எல்லா மனுவிலும் இருப்பதுதான், நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். வேறு பென்ஷன் ஏதாவது வருகிறதா பாட்டி, வேலை செய்த இடத்திலிருந்து, என்று அந்தப் பெண் கேட்டாள். அக்காவுக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

“பென்ஷனா? நா எங்கம்மா ரிட்டேர் ஆனேன்? இப்ப வூட்டுக்குப் போய் மாவு அரைக்கணும்.”

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, இல்லை என்று எழுதினாள். பேப்பரை என் பக்கம் திருப்பி, வீட்டு உரிமையாளர் என்று இருக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன்.